எண்ணெய்க் கறை பட்ட ஏழாம் காகிதம்

என் வீட்டுக்காரருக்கு மூளை ஓடவில்லை என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் இயந்திரம் வைத்துக் கண்டுபிடித்த அன்று மத்தியானம், அவர் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரசத்தில் உப்புக் குறைவு என்று வேறு சொன்னார். மூளை இல்லாத ஆளுக்கு உப்புக் குறைவு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“நாக்குக்குத் தெரிஞ்சிச்சு,” என்றார்.

அவர் பெயர் ஏகாம்பரம். நான் பூங்காவனம். மலாக்காவில், காஜா பெராங்கில் கம்போங் செட்டியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. தெங்கேராவில் கடலைப் பார்த்து நின்ற ரப்பர் கிடங்கில் இருவருக்கும் வேலை. எஸ்டேட்டுகளிலிருந்து புகை போட்ட ரப்பர் ஷீட்டுகள் லாரி லாரியாக வந்து இறங்கும். அவற்றைத் தரம் பிரிக்கிற கிரேடர்கள் ஏழு பேர், அதில் இவர் ஒருவர். ஷீட்டை இரண்டு கையாலும் விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். தூசி, குமிழி, பூஞ்சை, பாலில் விழுந்து செத்த எறும்பின் கால் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் உண்டு. அதற்கும் கீழே என்றால் கழிவு. நான் ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் ஷீட் அதனதன் குவியலில் போய் விழுந்திருக்கும். கப்பலேறிப் போன ஷீட்டுகளில் அவர் நம்பர் போட்டது ஒன்றுகூடத் தவறென்று திரும்பி வந்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். நான் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து, அழுக்குப் பட்ட இடங்களைக் கத்தரியால் வெட்டியெடுப்பவள். அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம், பார்த்தேன்.

கிடங்கில் ஒரே ஒரு நாற்காலி உண்டு. கைவைத்த பிரம்பு நாற்காலி. வடக்கு ஜன்னலோரம் கிடக்கும், தலைமை கிரேடருக்கு மட்டும் உரியது. மற்ற கிரேடர்கள் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் நின்றார். கெண்டைக்கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துப் போயிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்துக் காலிரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வார். அப்படியே பேசுவார், அப்படியே காப்பி குடிப்பார். பதவியும் பெருமையும் யாருக்கு வேண்டும்? அந்தக் காலுக்காக எனக்கு அந்த நாற்காலி வேண்டும்.

ஐம்பத்தேழாம் வருஷம் பிறந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் கிறிஸ்துமஸோடு ஊருக்குப் போய்விட்டார். நாடு சுதந்திரம் வாங்கப் போகிறது, இனி உள்ளூர் ஆள்தான் தலைமை கிரேடர் என்று லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. அதோடு விட்டிருந்தால் தேவலை. யாரென்பதை விஞ்ஞான முறைப்படித் தீர்மானிக்க வேண்டும் என்று இன்னொரு வரியும் அதில் இருந்தது. அந்த ஒரு வரிக்காக விட்டேக்கர் என்ற டாக்டர் கப்பலில் வந்து இறங்கினார். கூடவே அலமாரி அளவில் ஓர் இயந்திரம்.

மூளை வேலை செய்யும்போது அதற்குள் மின்சாரம் ஓடுகிறதாம். தலையில் கம்பிகளை ஒட்டினால் அந்த ஓட்டத்தை ஊசிகள் காகிதத்தில் அலையலையாக வரையுமாம். எந்த அலை உள்ளவன் எந்த வேலையை நன்றாகச் செய்வான் என்று அலையைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். இதையெல்லாம் எங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவர் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி சேதுராமன். கிடங்கில் இங்கிலீஷ் தெரிந்த தமிழர் அவர் ஒருவர்தான். கம்பியிலிருந்து தலைக்குள் கரண்ட் வருமா, தலையிலிருந்து கம்பிக்குப் போகுமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, “ரெண்டும் இருக்கும்மா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு பேச்சில்தான் எல்லாம் கெட்டது. கரண்ட் என்றால் சூடு, சூடு என்றால் மூளைக்கு ஆகாது. சோதனை நாளன்று காலையில் அவரை உட்காரவைத்து, அரைப் புட்டி நல்லெண்ணெயை உச்சியில் ஊற்றித் தட்டித் தட்டி இறக்கினேன். குளிக்கவும் விடவில்லை. எண்ணெய் காதோரம் வழிந்தது.

“போதும் புள்ள, காலர்ல எறங்குது.”

“எறங்கட்டும். தல குளுந்து கெடந்தாத்தான் நிதானம் வரும். அந்த நாற்காலி நமக்கு வேணும், ஆமா.”

இவருக்கு முன்னால் சோதனை பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் தேவதாஸும் ஒருவன். கிரேடர்களில் அவன்தான் இளையவன், நல்ல பையன், ஆனால் தூங்குமூஞ்சி. செங் சன்னாசிமலையில் மாசிமகத் திருவிழாவுக்கு மொட்டை போட்டுவிட்டு, இரண்டு நாள் கண் விழித்துவிட்டு நேராக வேலைக்கு வந்திருந்தான். டாக்டரின் வெள்ளைப் பசை அந்த மொட்டைத் தலையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடச் சொன்னார், மூடினான். திறக்கச் சொன்னார், திறக்கவில்லை. ஊசிகள் ஒரே சீராக, அழகழகாக அலை வரைந்தன. டாக்டர் அடுத்த ஆளுக்கு வேண்டிய கம்பிகளைச் சரிசெய்துகொண்டிருந்ததால் இவன் குறட்டையைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். என்னை யார் கேட்டார்கள்?

கடைசியாக, ஏழாவது ஆளாக இவர் உட்கார்ந்தார். பசை நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே வந்தது. டாக்டர் ஒட்டுவார், அது காதுக்கு இறங்கும், மறுபடி ஒட்டுவார். கடைசியில் ஒரு துணியால் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு இயந்திரத்தைத் திருப்பினார். ஊசிகள் ஒரு நேர்க்கோடு போட்டன. ஸ்கேல் வைத்தாலும் அப்படி வராது.

டாக்டர் இயந்திரத்தைத் தட்டினார். அப்புறம் இவர் காதையும் கிள்ளிப் பார்த்தார். கோடு கோடாகவே போயிற்று.

“நீங்க இப்ப ஏதாச்சும் யோசிக்கிறீங்களான்னு கேக்குறாரு,” என்றார் சேதுராமன்.

“யோசிக்கிறேனுங்க.”

“என்ன யோசிக்கிறீங்களாம்?”

“இந்தக் கோடு ஏன் வளையாமப் போவுதுன்னு யோசிக்கிறேன்.”

சேதுராமன் அதை மொழிபெயர்த்தார். டாக்டர் கோட்டைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார், பிறகு நோட்டில் ஒரு வரி எழுதினார். ‘யோசிப்பதாகச் சொல்கிறார், ஆதாரம் இல்லை’ என்று எழுதியதாகச் சேதுராமன் பிறகு சொன்னார்.

அப்புறம் கம்பியும் துணிக்கட்டுமாக ஐம்பது ஷீட்டுகளைப் பிரிக்கச் சொன்னார்கள். இவர் நின்ற வாக்கில் ஐம்பதையும் பிரித்துப் போட்டார். மேனேஜர் கிரெய்க் துரை ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார், ஒரு பிசகும் இல்லை. கோடு மட்டும் அப்படியே நேராகப் போய்க்கொண்டிருந்தது. அது என்ன என்று பார்க்க இவர் குனிந்தபோது, முன்நெற்றி மயிரிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் காகிதத்தின் மூலையில் விழுந்து பரவியது. டாக்டர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூளை இருந்த ஆறு பேரை விட மூளை ஓடாத ஒருவன் நன்றாக வேலை செய்கிறானென்றால் பாவம் அவரும் என்ன செய்வார்? மறுநாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கொசுக்கடிக் காய்ச்சல்தான் என்றார்கள். சிங்கப்பூர் வழியாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். ஏழு காகிதங்களும் இங்கேயே தங்கிவிட்டன. அவற்றில் பெயர் கிடையாது, நம்பர்தான். எந்த நம்பர் யாருடையது என்ற பட்டியல் டாக்டர் பையிலும், உறைபோட்ட ஒரு நகல் துரையின் பெட்டியிலும் இருந்தன. எந்த அலை நல்ல அலை என்று மட்டும் அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஆனால் ஏகாம்பரத்துக்கு மூளை ஓடவில்லை என்ற சேதி டாக்டர் கப்பலேறும் முன்பே ஊரைச் சுற்றிவிட்டது. பக்கத்துச் செட்டி வீட்டு அலமேலு அக்கா ஒரு தட்டுப் பலகாரத்தைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு வந்தார். மலாக்காச் செட்டிகள் பல தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள்; பெயர்தான் தமிழ், பேச்சு முழுக்க அவர்கள் வீட்டு மலாய்.

“பெத்துல்கா, ஓத்தாக் சுடா மாத்தி?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நிஜமாகவே மூளை செத்துவிட்டதா என்று அர்த்தம். உள்ளே இவர் சுவரில் கால் வைத்துப் படுத்தபடி, “யாரு வந்திருக்கா?” என்று குரல் கொடுத்தார். அலமேலு அக்கா தட்டை வைத்துவிட்டு வாசல்பக்கம் ஓடியே போய்விட்டார்.

கோவிலில் அர்ச்சனைக்கு இவர் பெயரைச் சொன்னேன். பூசாரி தயங்கி நின்று, “ஆரோக்கியத்துக்கா, இல்ல ஆத்ம சாந்திக்கா?” என்று கேட்டார். நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்குப் பூசையே நடந்திருக்காது. பிள்ளையார் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

கிடங்கில் இன்னும் மோசம். கிரெய்க் துரை நல்லவர்தான், ஆனால் காகிதத்துக்குப் பயந்தவர். மூளை ஓடாதவர் கையில் கத்தியோ கத்தரியோ கொடுக்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார். சைக்கிளில் வரக் கூடாது, நடந்துதான் வர வேண்டும், சாலையைக் கடக்கும்போது யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். லீவு விண்ணப்பத்தில் இவர் போட்ட கையெழுத்துச் செல்லாது என்பதால் அதற்குப் பக்கத்தில் என் கைநாட்டு வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு மூளை இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? அதை ஒருவரும் கேட்கவில்லை. ரப்பரைப் பிரிப்பதை மட்டும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பிரிக்க வேறு ஆள் இல்லை.

இவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தேவதாஸ் தினமும் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கவைப்பான். “இன்னைக்கி எப்டிண்ணே இருக்கு?” என்று தலையைக் காட்டிக் கேட்பான். “அப்படியேதான்டா இருக்கு,” என்பார்.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. பசை வழுக்கியதை நான் கண்ணால் பார்த்தவள். ஒரு நாள் சேதுராமனிடம் மெதுவாகச் சொன்னேன்.

“நான் வெச்ச எண்ணெதான் கம்பிய ஒட்டவுடாமப் பண்ணிருச்சோன்னு இருக்கு.”

அவர் சிரித்தார். “ஏம்மா, லண்டன் மிஷின்! உங்க நல்லெண்ணெக்கி ஏமாறுமா?”

ஜூலை மாதம் லண்டனிலிருந்து தந்தி வந்தது. காகிதங்களின்படி ஆளைத் தேர்ந்தெடுத்து, சுதந்திர நாளுக்குள் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். கிரெய்க் துரை ஏழு காகிதங்களையும் அறைச் சுவரில் மாட்டி வைத்துப் பார்த்தார், தலைகீழாக மாட்டிப் பார்த்தார். தூரத்திலிருந்து பைனாகுலர் வைத்துக்கூடப் பார்த்தாராம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ரப்பர்தான். ஆகஸ்ட் பிறந்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. விரித்து வைத்த ஒரு தாளைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல இந்த மலாக்காவிலேயே ஏகாம்பரத்தை விட்டால் யார் இருக்கிறார்கள்? மூளை ஓடவில்லையே என்று சேதுராமன் ஞாபகப்படுத்தியிருக்கிறார். கண் ஓடுகிறதே என்றாராம் துரை.

வடக்கு ஜன்னல் பக்கம் எல்லோரும் கூடினோம். காகிதங்களை எடுத்துக் கொடுக்கிற ஆளாக என்னையே நிற்கச் சொன்னார்கள். சேதுராமன் தெளிவாகச் சொன்னார்: “எந்தக் காகிதத்துக்கு ஒண்ணாம் நம்பர் போடுறீங்களோ, அந்தக் காகிதத்துக்கு உரியவர்தான் தலைமை கிரேடர். துரை அப்புறம் உறையைப் பிரிச்சுப் பேரைப் படிப்பார். எது யாருதுன்னு உங்களுக்குத் தெரியாது, அதனால பாரபட்சம் வராது.”

எனக்குத் தெரியும். கடைசியில் இருந்த ஏழாம் காகிதத்தின் மூலையில், இருபது காசு நாணயம் அளவுக்கு எண்ணெய்க் கறை ஊறியிருந்தது. நேர்க்கோடு. தூசி இல்லை, குமிழி இல்லை, கசங்கல் இல்லை. அதைவிடச் சுத்தமான தாள் ஏழிலும் கிடையாது. ஒன்றாம் நம்பர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு அந்தக் கால்கள் உட்கார்ந்துவிடும்.

முதல் காகிதத்தைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் விரித்தார். “புள்ளி புள்ளியா இருக்கு. மூணு.” இரண்டாவது, “அங்கங்க தடிப்பு. நாலு.” அப்படியே போயிற்று. ஐந்தாவது காகிதத்தை விரித்ததும் நிறுத்தினார். ரப்பர் ஷீட்டில் உருளை பதிக்கிற வரி மாதிரி, அலைகள் ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில், முனைக்கு முனை சீராக ஓடின.

“இது நல்லா இருக்குங்க,” என்று தனியாக வைத்தார்.

ஏழாவதைக் கொடுக்கும்போது புருவத்தைத் தூக்கிக் காட்டினேன். தொண்டையைக் கனைத்தேன். மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கூடப் பிடித்தேன். அவர் என் விரலை மெதுவாக எடுத்துவிட்டார். வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். பிறகு எந்த ஷீட்டுக்கும் செய்கிற மாதிரி அந்த மூலையை முகர்ந்தார். முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார். அது எந்தக் கடை எண்ணெய் என்பதுகூட அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்தது.

“எண்ணெக் கற,” என்றார். காகிதம் கழிவுக் குவியலில் போய் விழுந்தது. “ஒண்ணாம் நம்பர் அந்த அஞ்சாவதுதாங்க.”

துரை உறையைப் பிரித்தார். ஐந்தாம் காகிதம் தேவதாஸுடையது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பத்தடி முன்னாலேயே நடந்தேன். சாலையைக் கடக்கும்போது கையைக்கூடப் பிடிக்கவில்லை, லாரி வந்தால் வரட்டும் என்றிருந்தது. வீட்டில் கதவைச் சாத்திவிட்டுத்தான் கத்தினேன். நம்முடைய காகிதத்தை நீங்களே தூக்கிப் போட்டீர்களே, உங்களுக்கு நிஜமாகவே மூளை இல்லையா என்று கேட்டேன். கேட்டபிறகு எனக்கே அழுகை வந்துவிட்டது.

அவர் தரையில் படுத்துக் காலைச் சுவரில் வைத்துக்கொண்டார்.

“எண்ணெ பட்ட ஷீட்டு கழிவு. என் ஷீட்டுன்னா மட்டும் கற போயிருமா?”

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி கிடங்கில் புதுக் கொடி கட்டினார்கள். தேவதாஸ் கூச்சத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தான், கால்மணி நேரத்தில் தூங்கிப் போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த ஜன்னலில் அப்படிக் காற்று வரும். அவன் போட வேண்டிய நம்பர்களையும் இவரே நின்றுகொண்டு போட்டார். கிரெய்க் துரை செப்டம்பரில் ஊருக்குப் போனார். மூளை பற்றிய அறிவிப்பைக் கிழிக்க மறந்துவிட்டுப் போனார்.

அக்டோபரில் டாக்டர் விட்டேக்கரிடமிருந்து கடிதம் வந்தது. துரை இல்லாததால் அது தலைமை கிரேடர் என்று தேவதாஸின் கைக்கு வந்து சேர்ந்தது. சேதுராமனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் படிக்கச் சொன்னான்.

உடம்பு தேறிவிட்டதாம். குறிப்புகளை மறுபடி பார்த்தாராம். சீராக, அகலமாக ஓடும் அலை வேலை செய்கிற மூளையின் அலை அல்ல, ஓய்ந்து கிடக்கிற மூளையின் அலை. ஐந்தாம் காகிதத்துக்குரியவர் சோதனை நேரம் முழுவதும் ஏறக்குறையத் தூங்கியிருக்கிறார், அதை வைத்து அவரை எதற்கும் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம். ஏழாம் காகிதத்தில் மூளையின் குற்றம் எதுவும் இல்லை. கம்பிகள் தலையில் ஒட்டவேயில்லை. அந்த மனிதரின் தலையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். அவர் மூளையைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது. ஐம்பது ஷீட்டையும் அவர் பிழையில்லாமல் பிரித்ததை மட்டும் தான் கண்ணால் பார்த்ததாகவும், அதையே முதலில் எழுதியிருக்க வேண்டும் என்றும் கடைசியில் இருந்தது.

நான் சேதுராமனைப் பார்த்த பார்வையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். தேவதாஸ் எழுந்து, தோளிலிருந்த துண்டால் நாற்காலியைத் துடைத்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

“அண்ணே, வாங்க. உக்காருங்க. இது ஒங்களுது.”

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். போங்கள், உட்காருங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

இவர் சேதுராமன் கையிலிருந்து கடிதத்தை வாங்கினார். இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது அவருக்கு. இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். கப்பலில் வந்த கடிதம், ஓரத்தில் நனைந்து மை கலைந்திருந்தது.

“தண்ணி பட்டிருக்கு. மை ஓடிருக்கு. மடிப்புல கிழிசல் வேற,” என்றார். “நாலாம் நம்பர். இதுக்குப் போயி ஒருத்தன எழுப்பி வுடுறதா? உக்காருடா தேவதாஸு. ஒனக்கு ஒண்ணாம் நம்பர் போட்டது நானு. நான் போட்ட நம்பர் எதுவும் திரும்பி வந்ததில்ல.”

கடிதம் நாலாம் நம்பர் குவியலில் விழுந்தது. அவர் அடுத்த ஷீட்டை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்தேன். படுத்திருந்தவர் பழக்கத்தில் தலையை என் பக்கம் நீட்டினார். தலையைத் தள்ளிவிட்டு, சுவரில் சாய்த்திருந்த கால்களை இறக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்த முடிச்சுகள்மேல் எண்ணெயை ஊற்றி, திட்டிக்கொண்டே தேய்த்தேன்.